தாயும் மூன்று மகளிரும்

அமெரிக்க நாட்டின் தென்பகுதி மலைமக்களிடையே பிறந்து, ஆலயங்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் வளர்ந்து, பின்னர் உலகெங்கும் பரவிய இசையைக் 'கண்ட்ரி' இசை என்பர். அதன் வரலாற்றில் கார்ட்டர் குடும்பத்தைத் தவிர்த்து எவரும் பேச இயலாது.

1927 ஆகஸ்டு முதல் நாள். வர்ஜீனியா மலைப்புறத்திலிருந்து மூவர் பிரிஸ்டல் என்னும் ஊருக்கு வந்திருந்தனர். ஏ.பி. கார்ட்டர், அவர்தம் துணைவி சாரா, ஏ.பி.யின் தம்பி மனைவியான மேபெல். இந்த ஓரகத்திகள் இருவரும் பிறந்த வழியிலும் நெருங்கிய உறவினர். மேபெலுக்கு வயது 18, கர்ப்பிணி. இசைத்தட்டு நிறுவனத்தார் பாட்டொன்றுக்கு 50 டாலர் தருவதாகக் கேள்வியுற்று வந்தவர்கள், இரண்டு நாட்களில் ஆறு பாடல்களைப் பதிவு செய்து வீடு திரும்பினர். அடுத்த மாதமே மேபெலுக்கு மூத்த மகள் ஹெலன் பிறந்தாள். 1929இல் ஜூன், 1933இல் அனிட்டா.

மேபெலின் கிடார் வாசிப்பைப் பற்றி ஒரு சொல். பெருவிரலால் தடித்த தந்திகளில் பாட்டின் மெட்டையே மீட்டி, மற்ற விரலால் மெல்லிய தந்திகளை வருடித் தாளம் கூட்டுவார். அதுவரை பெரும்பாலும் தாளத்துக்கே துணைநின்ற கிடார், அவர் கையில் தானே பாடத் தொடங்கியது. முறையான இசைக் கல்லூரி எதையும் அவர் மிதித்தவரல்லர்.

முதற்குழு 1943இல் கலைந்தது. ஏ.பி.யும் சாராவும் அதற்கு முன்னரே மணமுறிவு செய்துகொண்டிருந்தனர். பிற்காலத்தில் ஜூனின் இல்வாழ்விலும் முறிவுகள் நேர்ந்தன. இவற்றை மறைத்துப் புகழ்வது நேர்மையாகாது. ஆயினும் மேபெல் சோர்ந்துவிடவில்லை. தம் மூன்று மகளிரையும் அழைத்துக்கொண்டு வானொலி நிலையம் தோறும் சென்றார். ஹெலன் அக்கார்டியன் வாசித்தாள். அனிட்டா தன்னினும் உயர்ந்த பெரிய பாஸ் வாத்தியத்தை ஏந்தினாள். தமக்கையையும் தங்கையையும் போல் குரல்வளம் வாய்க்காத ஜூன், நகைச்சுவையால் அவையைக் கவர்ந்தாள். 1950இல் நாஷ்வில் நகரின் புகழ்பெற்ற 'கிராண்ட் ஓலி ஆப்ரி' மேடை அவர்களை வரவேற்றது.

புகழ் வந்ததும் வறுமை ஓடிவிடும் என்று நாம் எண்ணுகிறோம். மேபெலின் வாழ்வு அவ்வாறு அமையவில்லை. கச்சேரிகள் குறைந்த நாட்களில், ஒரு தலைமுறைக்கே கிடார் கற்பித்த அந்தக் கரங்கள் இரவு வேளைகளில் நோயாளருக்குப் பணிவிடை செய்து கூலி பெற்றன. அதனை அவர் இழிவாகக் கருதியதாக எங்கும் செய்தியில்லை.

சகோதரியரிடையே இனிய குரல் அனிட்டாவுடையதே என்பது அறிந்தோர் கருத்து. ஜூன் மற்றொருவருடன் இணைந்து இயற்றிய 'ரிங் ஆஃப் ஃபயர்' பாடலை முதலில் பதிவு செய்தவளும் அவளே. அது மக்களிடம் எடுபடவில்லை. 1963இல் ஜானி கேஷ் அதே பாடலைப் பாடினார். நாடே அதனைப் பாடியது. அவருடைய இசைத்தட்டில் பின்னணிக் குரல் கொடுத்தவர்கள் கார்ட்டர் குடும்பத்தாரே! ஒரு வீட்டில் ஒருவருக்குக் கிட்டாதது மற்றொருவர் வழியாய்க் கிட்டும்போது மனம் படும் பாட்டை, உடன்பிறந்தாருடன் வளர்ந்த எவரும் அறிவர். அனிட்டாவோ அதன் பின்னரும் பல்லாண்டுகள் அதே மேடைகளில் குடும்பத்தோடு நின்று பாடினாள்.

போதை மாத்திரைகளுக்கு அடிமையாகிச் சீரழிந்துகொண்டிருந்த கேஷுக்கு மேபெலும் அவர் கணவரும் தம் இல்லத்தில் இடமளித்தனர். ஜூன் அவரை மீட்கப் போராடினாள். 1968இல் இருவரும் மணம் புரிந்தனர். 2003இல் நான்கு மாத இடைவெளியில் இருவரும் மறைந்தனர். மேபெல் 1978இலேயே காலமாகியிருந்தார்.

ஏ.பி.யின் மக்களும் இசையை மறக்கவில்லை. மகள் ஜேனட், தந்தையின் இறுதிக்காலத்தில் அவருக்களித்த வாக்கின்படி, 1974இல் அவருடைய பழைய மளிகைக் கடையிலேயே இசை நிகழ்ச்சிகளைத் தொடங்கினார். கூட்டம் பெருகவே, தம்பி ஜோ அருகிலேயே ஓர் அரங்கைக் கட்டியெழுப்பினார். மின்கருவிகள் பொதுவாக அங்கே ஏறுவதில்லை, மதுவுக்கும் இடமில்லை. சனிக்கிழமை மாலைகளில் பாட்டன் பாட்டியர் பேரப்பிள்ளைகளின் கைபிடித்து வந்து, மேடையருகே மரத்தளத்தில் ஆடுகின்றனர்.