சீனித்துளசியும் அம்மாவின் சேமியா பாயசமும்

"டிசம்பர்ல வர்றப்போ அந்த சீனித்துளசிப் பொடி நாலு பாக்கெட் வாங்கிட்டு வாடா." போன ஞாயிற்றுக்கிழமை அம்மா போட்ட ஆர்டர் இது. அம்மாவுக்கு ஆறு வருஷமா சுகர். 'அது வெறும் இலைதான், எவ்வளவு வேணா சாப்பிடலாம்'னு பக்கத்து வீட்டு அக்கா சொல்லிட்டாங்களாம். நான் இங்கே ஜெர்மனியில் படிக்கிறது மெக்கானிக்கல்தான். இருந்தாலும் அம்மா வாய்க்குள்ள போற சமாச்சாரமாச்சே, கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

ஸ்டீவியாதான் நம்மூர் சீனித்துளசி. பேர்தான் துளசி, சொந்தம் என்னவோ சாமந்திப்பூ குடும்பம். பராகுவேயின் குவாரானி பழங்குடிகள் மாத்தேங்கிற கசப்பு பானத்தில் இந்த இலையைப் போட்டுக் குடிச்சிருக்காங்க. 1931ல் ரெண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் இனிப்புப் பொருளைத் தனியா பிரிச்சாங்க. ஜப்பான்காரங்க 1970களிலேயே ஊறுகாய்க்குக்கூட போட ஆரம்பிச்சாச்சு. இலையைச் சுத்திகரிச்சு எடுத்த சாரத்துக்கு ஐரோப்பாவில் 2011 கடைசியில் அனுமதி, இந்தியாவில் 2015ல்.

இந்தச் சாரம் சர்க்கரையைவிட 200 முதல் 300 மடங்கு இனிப்பு. அப்புறம் எப்படி 'ஒரு ஸ்பூன் சர்க்கரைக்கு ஒரு ஸ்பூன் பொடி'ன்னு போடுறாங்க? ஒரு பாக்கெட் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். சேர்மானத்தில் முதல் பேர் எரித்ரிட்டால். ஸ்டீவியா கடைசியில, பந்தியில் இடம் கிடைக்காத விருந்தாளி மாதிரி ஓரமா இருக்கு. எது எடை அதிகமோ அதைத்தான் முதலில் எழுதணும், சட்டம் அப்படி. எரித்ரிட்டால் ரத்தச் சர்க்கரையை ஏத்தாது. ஆனா சில பாக்கெட்டில் அந்த இடத்தில் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் இருக்கும், இல்லேன்னா டெக்ஸ்ட்ரோஸ். டெக்ஸ்ட்ரோஸ்னா சாட்சாத் குளுக்கோஸேதாங்க!

சரி, வாங்கியாச்சு, பாயசம் வெச்சுப் பார்ப்போம்னு இறங்கினேன். பொடியை அப்படியே வாயில் போட்டா, புதினா மென்ன மாதிரி நாக்கு ஜில்லுங்குது. அது எரித்ரிட்டால் வேலை. பாயசத்தை வாயில் வெச்சா, பின்னாடியே அதிமதுரம் மாதிரி ஒரு கசப்பு. ரூம்மேட் மரியாதைக்கு ரெண்டு ஸ்பூன் சாப்பிட்டுட்டு லைப்ரரிக்குக் கிளம்பிட்டான் :-) அதிரசத்துக்கெல்லாம் ஆசையே படாதீங்க. சர்க்கரை, வெல்லம் ரெண்டும் இல்லாம பாகு ஏது?

ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, இதைப் போட்டா சர்க்கரை மட்டும்தான் போகும். சேமியாவும் பாலும் அப்படியேதானே இருக்கு? சேமியா கோதுமைம்மா, உள்ளே போய் அதுவும் சர்க்கரையாத்தான் மாறும்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பாயசம் மேல அவ்வளவு நம்பிக்கை வெச்சிருந்திருக்காங்க. எனக்குச் சங்கடமா போச்சு.

"காபிக்காவது போட்டுக்கலாமாடா?"

"தாராளமா போட்டுக்கலாம்மா. மால்ட்டோடெக்ஸ்ட்ரின் இல்லாததா பார்த்து வாங்கிட்டு வர்றேன். டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"அப்போ ரெண்டு பாக்கெட் போதும். மீதி இடத்துல சாக்லேட் வாங்கிட்டு வா."

"அம்மா!"

"எனக்கில்லடா, பக்கத்து வீட்டு அக்காவுக்கு."