கல்லூரிப் படிப்புக்கு அரசு உதவி: சான்றிதழ்களை முன்கூட்டியே பெறுங்கள்

பூவிருந்தவல்லி வட்டத்தில் முக்கால் ஏக்கரில் கீரையும் மல்லிகையும் பயிரிடும் விவசாயி ஒருவர் சென்ற ஆண்டு என்னிடம் வருந்தினார். "ஐயா, பையனுக்குக் கலந்தாய்விலே பொறியியல் இடம் கிடைச்சுது. நம்ம நிலம் கோடி ரூபாய் போகுது, நமக்கு யார் உதவி தருவாங்கன்னு கேட்காமலே இருந்துட்டேன். நகையை அடகு வச்சுப் பணம் கட்டினேன்" என்றார். அவர் குடும்பத்தில் அதுவரை ஒரு பட்டதாரிகூட இல்லை. சலுகைக்கு முழுத் தகுதி இருந்தும் சான்றிதழ் கையில் இல்லை.

ஆவடி, அம்பத்தூர் பக்கத்திலும் பலருக்கு இதே தயக்கம் உண்டு. வருமானச் சான்றில் குறிக்கப்படுவது குடும்பத்தின் ஆண்டு வருமானமே. மனைக்காரர் சொல்லும் நில விலை அன்று. விவசாயிகள் கவனிக்க வேண்டிய உதவிகள் வருமாறு:

1. முதல் பட்டதாரி சலுகை: 2010-11-இல் தொடங்கியது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குச் செல்பவர், கலந்தாய்வு மூலம் தொழிற்கல்லூரியில் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. சாதி, வருமான வரம்பு இல்லை. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடைக்காது.

2. 7.5 சதவீத ஒதுக்கீடு: 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020-இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலியவற்றில் 2021-இலும் வந்தது. இதில் சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

3. மாதம் ரூ.1,000: மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டம் (2022), மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் (2024). இவற்றுக்கும் அரசுப் பள்ளிப் படிப்பே அடிப்படை. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் சேரலாம். அஞ்சல் வழிக் கல்விக்குப் பொருந்தாது. கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும்.

4. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கு மேற்படிப்பு உதவித்தொகை: பெற்றோர் ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருத்தல் வேண்டும்.

5. உழவர் பாதுகாப்புத் திட்டம் (2011): நஞ்சை 2.5 ஏக்கர் அல்லது புஞ்சை 5 ஏக்கர் வரை வைத்து நேரில் பயிரிடுவோரும், விவசாயத் தொழிலாளரும் உறுப்பினராகலாம். பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை உண்டு.

நாற்றங்கால் தயாரான பிறகா விதை தேடுவோம்? பிளஸ் 2 தேர்வு முடிந்ததுமே இ-சேவை மையத்தில் சாதி, வருமானம், முதல் பட்டதாரி சான்றுகளுக்கு விண்ணப்பித்து விடுங்கள். அம்பத்தூர் வட்டம் 2018 முதல் சென்னை மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆவடி, பூவிருந்தவல்லி வட்டங்கள் திருவள்ளூர் மாவட்டம். விண்ணப்பத்தில் மாவட்டத்தைச் சரியாகக் குறிப்பிடுங்கள். மாணவர் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி ஆதாரை இணையுங்கள். பள்ளிச் சான்று, ஆதார், குடும்ப அட்டை மூன்றிலும் பெயரும் எழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். ஐயம் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரை அணுகுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், உரிமையைத்தான் கேட்கிறோம்.