வெள்ளித் தண்ணீர்... உஷார்!

"முழுக்க முழுக்க இயற்கை. பக்கவிளைவே கிடையாது. தினம் ஒரு ஸ்பூன் குடிங்க, சளி, காய்ச்சல் எதுவும் கிட்டே அண்டாது!"

இப்படிச் சொல்லி யாராவது ஒரு சின்ன பாட்டிலை உங்களிடம் நீட்டினால் உடனே பர்ஸைத் திறந்துவிடாதீர்கள். முதலில் லேபிளைப் படியுங்கள். அதில் 'கொலாய்டல் சில்வர்' என்று போட்டிருக்கிறதா? கொஞ்சம் பொறுங்கள்!

கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள் மிதக்கும் தண்ணீர்தான் இது. அமெரிக்காவில் பல வருடங்களாகவே சத்து மருந்துகளோடு சேர்த்து விற்கிறார்கள். குடித்தவர்கள் சிலருக்கு என்ன ஆனது தெரியுமா?

நீல மனிதர்கள்

மொன்டானா மாநிலத்து அரசியல்வாதி ஸ்டான் ஜோன்ஸ். 2000-ம் ஆண்டு பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பிப்போய், ஆன்டிபயாடிக் மாத்திரைகூடக் கிடைக்காது என்று பயந்தார். வெள்ளித் தண்ணீரை வீட்டிலேயே தயாரித்துக் குடித்தார். 2002-ல் செனட் தேர்தலில் அவர் நின்றபோது ஊரே பேசியது அவருடைய கொள்கையைப் பற்றியல்ல, நீலம் பாரித்துப்போன முகத்தைப் பற்றித்தான்!

இன்னொருவர் பால் காரசன். குடித்தது போதாதென்று முகத்திலும் தடவிக்கொண்டார். 2008-ல் டி.வி.யில் அவரைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். 2013-ல் இறக்கும் வரை அந்த நீலம் அவரை விட்டுப் போகவேயில்லை.

இதற்கு 'ஆர்ஜீரியா' என்று பெயர். உடம்புக்குள் போகும் வெள்ளி கொஞ்சம் கொஞ்சமாகத் தோலில் படிகிறது. வெயில் பட்டதும் கறுக்கிறது. பழைய போட்டோ பிலிமில் நடக்கும் அதே வேலைதான். அதனால்தான் முகமும் கைகளும் அதிகமாக நிறம் மாறுகின்றன. எந்த சோப்பும் க்ரீமும் இதைப் போக்காது.

லேபிளில் ஒளிந்திருக்கும் சூட்சுமம்

நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லி வெள்ளித் தண்ணீரைக் கடையில் விற்க முடியாது. அது பாதுகாப்பானது என்றோ, பலன் தரும் என்றோ ஏற்க முடியாது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1999-லேயே இப்படி அறிவித்துவிட்டது. அப்புறம் எப்படி விற்கிறார்கள்?

1994-ல் வந்த ஒரு சட்டம்தான் வழி. 'உணவுத் துணைப்பொருள்' என்று பெயர் வைத்துவிட்டால், பலன் தருமா என்று விற்பனைக்கு முன்பே நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் 'சளியைக் குணமாக்கும்' என்று எழுதக்கூடாது. எனவே 'எதிர்ப்பு சக்திக்குத் துணை நிற்கும்' என்று பட்டும் படாமலும் எழுதுகிறார்கள். கீழே பொடி எழுத்தில், 'எந்த நோயையும் குணப்படுத்துவதற்கோ தடுப்பதற்கோ அல்ல' என்று ஒரு வரி. முன்பக்கம் ஆசை காட்டுகிறது, பின்பக்கம் கை கழுவிக்கொள்கிறது!

சிலர் அந்த எல்லையையும் தாண்டினார்கள். 2020 மார்ச்சில், கொரோனாவுக்கு மருந்து என்று சொல்லி விற்ற ஏழு பேருக்கு அமெரிக்க அரசு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அவர்களில் சிலர் விற்றது இதே வெள்ளித் தண்ணீரைத்தான்.

ஒரு சின்ன கணக்கு

பாட்டிலில் '10 பி.பி.எம்.' என்று இருந்தால் ஒரு லிட்டரில் 10 மில்லிகிராம் வெள்ளி. 5 மில்லி ஸ்பூனில் 0.05 மில்லிகிராம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை வகுத்த எல்லை, ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.005 மில்லிகிராம். அதாவது 60 கிலோ எடை உள்ளவருக்கு 0.3 மில்லிகிராம்.

'அடடே, 10 பி.பி.எம். என்றால் குறைவுதானே?' என்று நினைக்காதீர்கள். 15 கிலோ குழந்தைக்கு எல்லை 0.075தான். இரண்டு ஸ்பூன் கொடுத்தாலே தாண்டிவிடும்! '500 பி.பி.எம்.' பாட்டில் என்றால் பெரியவர்களுக்கே ஒரு ஸ்பூனில் எட்டு மடங்குக்கு மேல். சரி, குறைவாகக் குடித்தால் லாபமா? அதுவும் இல்லை. இரும்பு, துத்தநாகம் போல வெள்ளி நம் உடம்புக்குத் தேவையான சத்தே அல்ல.

வீட்டில் யாராவது தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார்களா? இன்னும் கவனம் தேவை. தைராக்ஸினும் சில ஆன்டிபயாடிக் மருந்துகளும் உடம்பில் சேர்வதை வெள்ளி குறைத்துவிடலாம்.

அப்படியானால் வெள்ளியே ஆகாதா?

அப்படியில்லை. தீக்காயத்துக்கு டாக்டர்கள் தரும் சில களிம்புகளில் வெள்ளி உண்டு. அது மேலே பூசுவது, டாக்டர் கண்காணிப்பில். பாட்டி கொடுத்த வெள்ளி டம்ளரையும் தூக்கிப் போட வேண்டாம். அதிலிருந்து தண்ணீரில் இறங்கும் வெள்ளி மிகமிகக் குறைவு.

வாங்கும் முன்...

* முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்துப் பொடி எழுத்தை முதலில் படியுங்கள்.

* 'துணை நிற்கும்', 'சமநிலை தரும்' போன்ற வார்த்தைகளைக் கண்டால் 'எந்த நோய்க்கு? என்ன நிரூபணம்?' என்று கேளுங்கள்.

* நம் நாட்டில் விற்கும் ஹெல்த் சப்ளிமென்ட்களின் லேபிளில் 'மருந்தாகப் பயன்படுத்த அல்ல' என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும். அது இருக்கும் பாட்டிலை மருந்து என்று விற்பவரை நம்பாதீர்கள்.

* ஏற்கெனவே குடிக்கிறீர்களா? நிறுத்திவிட்டு, பாட்டிலோடு டாக்டரைப் பாருங்கள்.

சளி ஒரு வாரத்தில் தானே போய்விடும். தோலில் ஏறிய நீலம் போகாது. வெள்ளி கொலுசாக இருக்கட்டும், குத்துவிளக்காக இருக்கட்டும்... வயிற்றுக்குள் வேண்டாமே!