மேலே ஏற்றிவிட்டால் பத்திரமா?

செய்யாறு பக்கத்துத் தெருக்கூத்து வாத்தியார் ஒருவரின் மகன் போன மாதம் ஒரு பழைய லேப்டாப்போடு என்னைத் தேடி வந்தார். ஆறு வருடமாக அப்பாவின் குழு விடிய விடிய ஆடிய கூத்தையெல்லாம் செல்போனில் எடுத்து, பெரிய வீடியோ தளம் ஒன்றில் ஏற்றி வைத்திருந்தார். கூத்து தொடங்கும் முன் கோயில் ஒலிபெருக்கியில் போட்ட சினிமாப் பாட்டுகளும் அந்த வீடியோக்களில் பதிந்திருக்கின்றன. காப்புரிமைப் புகார் மின்னஞ்சலில் வந்தது. அவர் திறந்து பார்க்கவில்லை. இரண்டாவது வந்தது, மூன்றாவதும் வந்தது. ஒரு காலை எழுந்து பார்த்தால் சேனலே இல்லை.

“அசல் வீடியோவெல்லாம் எங்க தம்பி?”

“போன்ல இடம் இல்லன்னு அழிச்சிட்டேன் சார். அதான் மேல ஏத்தியாச்சேன்னு...”

லேப்டாப்பில் தப்பிப் பிழைத்திருந்தது பதினோரு நிமிடம். அர்ச்சுனன் தபசில் அவர் அப்பா தபசு மரத்தில் பாதி ஏறி நின்று, கீழே கையேந்தி நிற்கும் பெண்களைப் பார்த்துப் பாடுகிறார். அப்பாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. இனி மரம் ஏறப்போவதில்லை.

இது ஒருவர் கதை என்றால் எழுதியிருக்க மாட்டேன். பள்ளி ஆண்டு விழா, ஊர்க் கிணறு தூர்வாரிய பதிவு, பாட்டியின் ஒப்பாரி என்று இழந்தவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். இப்போது இன்னொரு வகையினரும் வருகிறார்கள். பெரிய நிறுவனத்தை நம்பிக் கெட்டோம் என்று, யாரோ சொன்ன பரவலாக்கப்பட்ட வீடியோ தளத்துக்கு மாறி, அங்கும் தொலைத்தவர்கள். “அது எல்லா சர்வர்லயும் இருக்கும், அழியவே அழியாதுன்னு சொன்னாங்களே?” என்று கேட்கிறார்கள். சொன்னவர் தவறாகச் சொல்லியிருக்கிறார். அந்தத் தவறைத் திருத்தத்தான் இந்தக் கட்டுரை.

இத்தகைய தளங்களில் எளிதில் தொடங்கக்கூடியது பியர்ட்யூப். பிரான்சின் ஃப்ராமாசாஃப்ட் என்ற லாபநோக்கற்ற அமைப்பு உருவாக்கிய கட்டற்ற மென்பொருள் இது. முதல் முழுப் பதிப்பு 2018 அக்டோபரில் வந்தது. அதே ஆண்டு ஜூனில், முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளான பிளெண்டரை உருவாக்கும் பிளெண்டர் அறக்கட்டளையின் வீடியோக்களை யூடியூப் சில நாட்கள் முடக்கியது. பிளெண்டர் உடனே சொந்தமாக ஒரு பியர்ட்யூப் தளம் தொடங்கி முன்னேற்பாடு செய்துகொண்டது. அவர்களிடம் அசல் கோப்புகள் இருந்தன. நாம் கற்க வேண்டிய பாடம் அதில் இருக்கிறது.

பியர்ட்யூப் என்று ஒரே வலைத்தளம் கிடையாது. கல்லூரி, சங்கம், தனி ஆள் என்று யார் வேண்டுமானாலும் தங்கள் சர்வரில் அதை நிறுவலாம். ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையில் இந்தத் தளங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். ஒரு தளத்தில் கணக்கு வைத்திருப்பவர் இன்னொரு தளத்துச் சேனலைத் தொடரலாம், கருத்து எழுதலாம். மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளக் கணக்கிலிருந்தும் தொடரலாம்.

ஏமாறும் இடம் இதுதான். பக்கத்துத் தளங்களுக்குப் போவது வீடியோவின் தலைப்பு, விளக்கம், சிறுபடம் போன்ற தகவல்தான். வீடியோ கோப்பு நீங்கள் ஏற்றிய சர்வரிலேயே இருக்கிறது. மற்றொரு தளத்தின் நிர்வாகி தானாக முன்வந்து பிரதி எடுத்து வைத்தால்தான் உண்டு. அதுவும் வீடியோவை வேகமாகக் கொடுப்பதற்கான தற்காலிக ஏற்பாடு. ஒரே நேரத்தில் பலர் பார்க்கும்போது பார்வையாளர்களின் கருவிகள் வீடியோத் துண்டுகளைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும். சர்வரின் சுமை குறையும். பிரவுசரை மூடியதும் அந்தப் பரிமாற்றம் முடிந்துவிடும். உங்கள் சர்வரை நடத்துபவர் மாதக் கட்டணம் கட்டாமல் விட்டால் வீடியோவும் போகும். பரவலாக்கம் பேக்கப் ஆகாது.

கணக்கு திறக்கும் முன்

ஜாயின்பியர்ட்யூப் என்ற அதிகாரப்பூர்வ வலைத்தளத்தில் தளங்களின் பட்டியல் கிடைக்கும். முதலில் கண்ணில் படுவதில் சேர்ந்துவிடாதீர்கள். ஒவ்வொரு தளத்துக்கும் அறிமுகப் பக்கம் ஒன்று உண்டு. அதை யாரும் படிப்பதே இல்லை. வாடகை வீட்டுக்கு ஒப்பந்தம் படிக்காமல் முன்பணம் கொடுப்பதற்கு இது சமம்.

அந்தப் பக்கத்தில் ஐந்து விஷயங்களைப் பாருங்கள். தளத்தை நடத்துவது யார்? செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? எவ்வளவு காலம் நடத்தப்போவதாகச் சொல்கிறார்கள்? எந்த மாதிரி வீடியோக்களை அனுமதிக்கிறார்கள்? உங்களுக்கு எத்தனை ஜிபி இடம், நாளொன்றுக்கு எவ்வளவு ஏற்றலாம்? முதல் மூன்றுக்கும் பதில் காலியாக இருந்தால் அந்தத் தளம் வேண்டாம். நிர்வாகிக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்பிப் பாருங்கள். ஒரு வாரமாகியும் பதில் இல்லை என்றால், நாளை சிக்கல் வரும்போதும் பதில் வராது.

சில தளங்கள் புதியவர்களைச் சேர்ப்பதில்லை. சில, ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று கேட்டு நிர்வாகி ஒப்புதல் தந்த பிறகே சேர்க்கும். அப்படிக் கேட்பது நல்ல அறிகுறி. என்ன ஏற்றப்போகிறீர்கள், எவ்வளவு, யாருக்காக என்று மூன்று வரி உண்மையாக எழுதுங்கள்.

விளம்பர வருமானம் இங்கே கிடையாது. வீடியோவுக்குக் கீழே ஆதரவு கோரும் குறிப்பு ஒன்றைச் சேர்க்கலாம், அவ்வளவுதான். காசு வரும் என்று யாராவது ஆசை காட்டினால் விலகி நில்லுங்கள்.

ஏற்றும்போது

முதல் வேலை, அசலை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வைப்பது. ஒன்று உங்கள் வீட்டில், மற்றொன்று வேறொருவர் வீட்டில். அதன் பிறகுதான் அப்லோட். ஏற்கெனவே யூடியூபில் இருப்பவற்றைக் கூகுள் டேக்அவுட் வழியாக இன்றே இறக்கிக்கொள்ளுங்கள். சேனல் முடங்கிய பிறகு அந்தக் கதவு திறந்திருக்கும் என்று நம்பியிருக்காதீர்கள்.

பியர்ட்யூபில் ஒவ்வொரு வீடியோவுக்கும் யார் பார்க்கலாம் என்று தேர்வு செய்யலாம்: எல்லோரும், லிங்க் உள்ளவர்கள், தளத்தில் கணக்கு உள்ளவர்கள், பாஸ்வேர்டு தெரிந்தவர்கள், நீங்கள் மட்டும். ‘நீங்கள் மட்டும்’ என்றாலும் கோப்பு நிர்வாகியின் சர்வரில்தான் இருக்கிறது. அவரால் பார்க்க முடியும். நிர்வாகி பார்க்கக்கூடாத எதையும் அங்கே வைக்காதீர்கள்.

உரிமம் என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் எது பொருந்தும் என்று கூத்துக் குழுவில் எல்லோரிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். ஆடியவர், பாடியவர், மத்தளம் அடித்தவர் என ஒவ்வொருவருக்கும் நிகழ்த்துநர் உரிமை உண்டு. ஒரு தாளில் தேதி போட்டு, படமெடுக்கவும் வெளியிடவும் சம்மதம் என்று கையெழுத்து வாங்கி வையுங்கள். பின்னால் வரும் பாதிச் சண்டைகளை அந்த ஒரு தாள் தடுக்கும். ஒலிபெருக்கிப் பாட்டு பதிந்திருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு ஏற்றுங்கள். இடம் மாறியதால் காப்புரிமைச் சட்டம் மாறிவிடாது.

பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பார்வையாளர்கள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்ளும்போது ஒருவரின் ஐபி முகவரி மற்றவருக்குத் தெரியவரும். சமையல் வீடியோ என்றால் பாதகமில்லை. போராட்டக் களம், குடும்ப வன்முறை, பாலினச் சிறுபான்மையினர் பற்றிய வீடியோவை யாரெல்லாம் பார்க்கிறார்கள் என்று கண்காணிக்க நினைப்பவருக்கு இது வழி திறந்துவிடும். அமைப்புகள் பகுதியில் பகிர்வை அணைத்துவிடலாம். நிர்வாகியும் தளம் முழுக்க அணைத்து வைக்கலாம். உங்கள் வீடியோ அப்படிப்பட்டதாக இருந்தால், பார்ப்பவர்கள் தாங்களாக அணைப்பார்கள் என்று விட்டுவிடாமல் நிர்வாகியிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சொந்த சர்வர் வைக்க ஆசைப்படுவோருக்கு

முதலில் டொமைன் பெயரை நிதானமாக முடிவு செய்யுங்கள். நிறுவிய பிறகு அதை மாற்றுவதை பியர்ட்யூப் ஆதரிப்பதில்லை. நண்பர் இலவசமாகக் கொடுத்த பெயரில் தொடங்கிவிட்டு, அவர் புதுப்பிக்காமல் விட்டதும் தவிப்பவர்களைப் பார்க்கிறேன். டொமைன் உங்கள் பெயரில் இருக்கட்டும். தரவுத்தளம், வீடியோ அடைவு, அமைப்புக் கோப்பு ஆகிய மூன்றையும் வேறோர் இடத்தில் பேக்கப் எடுங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் தளத்தை முழுதாக மீட்க முடியாது.

மற்றவர்களுக்குக் கணக்குக் கொடுத்துவிட்டால் சட்டப்படி நீங்கள் ஓர் இடைநிலையர். பிறர் ஏற்றியதற்கு நீங்கள் பொறுப்பாகாமல் இருக்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு வேண்டுமென்றால், அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2021ஆம் ஆண்டு விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும். குறைதீர்ப்பு அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும். புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் அனுப்ப வேண்டும். சர்வரில் யாராவது ஊடுருவினால், ஒன்றிய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் உங்கள் வீடியோக்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஊருக்கெல்லாம் கணக்குக் கொடுக்காதீர்கள்.

கெட்டது நடந்துவிட்டால்

பெரிய தளம் உங்கள் வீடியோவை நீக்கினால் சமூக ஊடகத்தில் புலம்புவதற்கு முன் அந்தத் தளத்தின் இந்தியக் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். வீடியோ லிங்க், நீக்கப்பட்ட தேதி, தளம் சொன்ன காரணம், உங்கள் மறுப்பு ஆகிய நான்கும் ஒரே கடிதத்தில் இருக்கட்டும். 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள சமூக ஊடகத் தளம் தானாக ஒன்றை நீக்கினால், காரணம் சொல்லவும் மறுத்துப் பேச வாய்ப்புத் தரவும் விதி இருக்கிறது. பதில் திருப்தி இல்லையென்றால் ஒன்றிய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவிடம் இணையத்திலேயே மேல்முறையீடு செய்யலாம். கெடு 30 நாள். இந்தக் குழு 2023 முதல் இயங்குகிறது. என்னிடம் வருபவர்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரியும்படி சொல்ல அரசும் பெரிதாக மெனக்கெட்டதாகத் தெரியவில்லை. 30 நாள் தாண்டி வருகிறவர்களிடம் நான் என்ன சொல்ல?

காப்புரிமைப் புகார் பொய் என்றால் தளத்திலேயே எதிர் அறிவிப்பு கொடுங்கள். 2013ஆம் ஆண்டு காப்புரிமை விதிகளின் 75ஆம் விதிப்படி, புகார் கொடுத்தவர் 21 நாளுக்குள் நீதிமன்ற ஆணை கொண்டுவராவிட்டால் தளம் வீடியோவை மீண்டும் திறக்கலாம். கடிதத்தில் இந்த விதியைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

உங்கள் அந்தரங்க வீடியோவை வேறொருவர் பியர்ட்யூப் தளம் ஒன்றில் ஏற்றியிருந்தால், முதலில் அது எந்தச் சர்வரிலிருந்து வருகிறது என்று பாருங்கள். நீங்கள் பார்க்கும் தளம் வேறாக இருக்கலாம். புகார் படிவத்தில், மூலத் தளத்துக்கும் அனுப்பு என்ற தேர்வைக் குறியிட மறக்காதீர்கள். கூடவே தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யுங்கள். பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் அங்கே புகாரளிக்கலாம். காவல் நிலையத்தில் “சர்வர் வெளிநாட்டுல இருக்கு, எங்க எல்லைக்குள்ள வராது” என்று திருப்பி அனுப்பினால் நகராதீர்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிய வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு. பிரிவு எண்ணைப் புகாரிலேயே எழுதிக்கொண்டு போங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் ஆதாரம் வேண்டும். லிங்க்கும் தேதியும் தெரியும்படி திரையைப் படமெடுங்கள். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றம் ஏற்க, பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவை. அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற எண்ணை, குறிப்பிட வேண்டும். வழக்கு வந்த பிறகு ஓடாமல், கோப்பு கைக்கு வந்த அன்றே அந்த எண்ணை எடுத்து எழுதி வையுங்கள்.

வாத்தியார் மகனும் நானும் அந்தப் பதினோரு நிமிடத்தை இரண்டு டிஸ்க்கில் போட்டோம். ஹாஷ் எண்ணின் 64 எழுத்துகளையும் அவர் நோட்டில் எழுதிச் சரிபார்த்தார். ஒரு டிஸ்க் அவர் அத்தை வீட்டுக்குப் போனது. அப்பாவும் மத்தளக்காரரும் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் தளம் தேட உட்கார்ந்தோம். நீங்களும் இந்த வரிசையிலேயே போங்கள். போனில் அழிக்கும் பொத்தானை அழுத்தும் முன் ஒரு முறை நில்லுங்கள்: இதன் இரண்டாவது பிரதி யார் வீட்டில் இருக்கிறது? பெயர் சொல்ல முடியாவிட்டால், அழிக்காதீர்கள்.