முதுகில் எழுதிய மூன்று எழுத்து!
"வெற்றி" என்ற சொல்லின் கதை

சென்னைக்குத் தெற்கே, திருச்சி போகும் பெரிய சாலையில் இருக்கிறது கூடுவாஞ்சேரி. அங்கிருந்து வடக்கே சில மைல் போனால் மணிமங்கலம் என்ற ஊர் வரும். 7ஆம் நூற்றாண்டில் அந்த ஊரில் ஒரு பெரும் போர் நடந்தது.

ஒரு பக்கம், காஞ்சீபுரத்தை ஆண்ட பல்லவ மன்னன் நரசிம்மவர்மன். மாமல்லன் என்று பெயர் பெற்றவன் இவன்தான். மறுபக்கம், சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி. வடநாட்டு ஹர்ஷ சக்கரவர்த்தியையே தடுத்து நிறுத்தியவன் அவன். அப்படிப்பட்ட புலிகேசி, மணிமங்கலத்தில் தோற்று ஓடினான்.

காஞ்சீபுரத்தை அடுத்த கூரம் என்ற ஊரில் கிடைத்த செப்பேடு இந்தச் செய்தியைச் சொல்கிறது. சொல்லும் விதம்தான் வேடிக்கை! புலிகேசியின் முதுகைச் செப்பேடு போல வைத்து, "விஜய" என்ற எழுத்துக்களை நரசிம்மவர்மன் எழுதினானாம். ஓடுகிறவனின் முதுகுதானே கண்ணுக்குத் தெரியும்? அதைத்தான் புலவர் அப்படிப் பாடிவிட்டார்.

விஜயம் என்றால் வெற்றி.

பெயரிலும் வெற்றி

"வெல்" என்ற சொல்லில் இருந்து பிறந்தது "வெற்றி". வென்றான், வெல்வான், வெற்றி எல்லாம் ஒரே குடும்பம். வெற்றிலைக்கும் இதற்கும் உறவு இல்லை. "வெறும் இலை" என்பதே வெற்றிலை ஆயிற்று என்பார்கள்.

எழுதும்போது பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. "வெற்றி பெற்றான்" என்பதில் நடுவே "ப்" வராது. "வெற்றிப் பரிசு" என்பதில் வரும்.

ஜெயம் என்பதும் வெற்றிதான். ராஜராஜ சோழன் காலத்தில் தொண்டை நாட்டுக்கே "ஜெயங்கொண்ட சோழ மண்டலம்" என்று பெயர் வைத்தார்கள். ஆகவே, கூடுவாஞ்சேரி வட்டாரமும் ஒரு காலத்தில் வெற்றியின் பெயரைத் தாங்கி இருந்தது!

விஜயம் என்ற சொல் மட்டும் கொஞ்சம் தடம் மாறிவிட்டது. "மந்திரி விஜயம்" என்றால் மந்திரி ஜெயித்தார் என்று யாரும் நினைப்பது இல்லை. ஊருக்கு வந்தார் என்றுதான் பொருள் கொள்கிறார்கள். முன்பு அரசர்கள் நாலு திசையும் படை நடத்திச் சென்று வெல்வதைத் "திக்விஜயம்" என்றார்கள். நாளடைவில் வெற்றி கழன்று போய், பயணம் மட்டும் நின்றுவிட்டது. விஜயதசமியில் மட்டும் பழைய பொருள் அப்படியே இருக்கிறது.

வாகைப் பூ

பழந்தமிழர் வெற்றிக்கு ஒரு பூவையும் வைத்தார்கள். பகைவரின் மாடுகளைக் கவரப் போனால் வெட்சிப் பூ. நேருக்கு நேர் பொருதினால் தும்பைப் பூ. வென்றால் வாகைப் பூ! குஞ்சம் போல இருக்கும் இந்தப் பூவைச் சூடியதால்தான், இன்றும் "வாகை சூடினார்" என்று சொல்கிறோம்.

ஆனால் வாகை போர்க்களத்துக்கு மட்டும் உரியது அல்ல. ஓதுகிறவர், தவம் செய்கிறவர், ஏனைய தொழில் செய்கிறவர் ஆகியோர் தத்தம் துறையில் மேம்பட்டு நிற்பதும் வாகையே என்கிறது தொல்காப்பியம். அதற்கு இன்னொருவர் தோற்று ஓட வேண்டும் என்பது இல்லை.

பேரனின் பேரன்

மணிமங்கலத்துப் போருக்குப் பின் என்ன நடந்தது? நரசிம்மவர்மன் சாளுக்கியரின் தலைநகர் வாதாபி வரை சென்று, 642இல் அதைப் பிடித்தான். அதோடு பகை தீரவில்லை. புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் காஞ்சி மீது படையெடுத்து வந்தான். மகன்கள், பேரன்கள் என்று சண்டை தொடர்ந்தது. முதுகில் எழுதிய எழுத்து அவ்வளவு எளிதில் அழியுமா?

8ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், புலிகேசியின் பேரனுக்குப் பேரனான இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்தான். பழி வாங்க ஏற்ற சமயம்! நகரில் கைலாசநாதர் கோவில் இருந்தது. பல்லவன் ராஜசிம்மன் கட்டிய கோவில். அதன் செல்வத்தை விக்கிரமாதித்தன் பார்த்தான். ஆனால் அள்ளிக்கொண்டு போகவில்லை. கோவிலுக்கே திருப்பிக் கொடுத்தான். கன்னட எழுத்தில் அதைச் சொல்லும் கல்வெட்டு, இன்றும் அந்தக் கோவிலில் இருக்கிறது.

ஒரே பகையில் இரண்டு வெற்றிகள். ஒன்று, தோற்றவனின் முதுகில் எழுதப்பட்டது. மற்றொன்று, தோற்றவனின் கோவிலில் எழுதப்பட்டது.

பரீட்சை முடிவு, பந்தய முடிவு, தேர்தல் முடிவு வரும்போது எல்லாம் வெற்றி என்ற சொல் வீட்டுக்கு வீடு அடிபடுகிறது. அடுத்த வீட்டுப் பிள்ளையை முந்தியதா வெற்றி? நேற்றுத் தெரியாத கணக்கை இன்று போட்டதா வெற்றி? இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்தான். எதற்கு வாகை சூட்டுவது என்பது பெற்றோர் கையில் இருக்கிறது.