தசை முடிச்சு: வலி ஓரிடம், வேர் ஓரிடம்

கரும்பலகையில் நாள்தோறும் கையை உயர்த்தி எழுதும் ஆசிரியருக்கும், முதுகில் மருந்துத் தெளிப்பானைச் சுமந்து வயலில் நடக்கும் உழவருக்கும் பொதுவான துன்பம் ஒன்று உண்டு. கழுத்துக்கும் தோள்மூட்டுக்கும் இடையே உள்ள சதையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால், முறுக்கிய கயிறு போன்ற ஒரு பட்டையும், அதில் பயற்றளவு தடித்த ஓர் இடமும் தட்டுப்படும். அவ்விடத்தை அழுத்தியவுடன் வலி சுளீரென்று எழும். கிராமங்களில் இதனை வாயு கட்டிக்கொண்டது என்பர். சுளுக்கு என்று சொல்வதும் உண்டு. உண்மையில் அங்கே வாயு எதுவும் இல்லை, மூட்டும் பிசகவில்லை. இரவில் கெண்டைச் சதை இழுத்துக்கொள்வது போன்றதும் அன்று. அது சில நிமிடங்களில் விட்டுவிடும். இதுவோ வாரக் கணக்கிலும், சிலரிடம் மாதக் கணக்கிலும் நின்று வருத்தும்.

முடிச்சு இருக்கும் இடத்தில் மட்டுமன்றித் தொலைவிலும் வலி தோன்றுவது இதன் விசித்திரமான இயல்பு. தோளின் மேற்புறத் தசையில் உள்ள முடிச்சு நெற்றிப்பொட்டில் தலைவலியாக வெளிப்படலாம். தோள்பட்டை எலும்பின் பின்புறத்தில் இருப்பது தோளின் முன்பக்கத்தில் வலித்துக் கை வழியே இறங்கலாம். புட்டத் தசையில் தோன்றுவது காலின் வெளிப்புறமாகக் கணுக்கால் வரை சென்று, முதுகெலும்பில் நரம்பு நசுங்கியதோ என்ற ஐயத்தை உண்டாக்கும். தலையில் தைலத்தைத் தடவித் தடவிப் பயன் காணாதவரின் கழுத்தையும் தோளையும் ஒருமுறை தொட்டுப் பார்ப்பது வீண்போகாது.

இவ்வியல்பு கற்பனையன்று என்பதை லண்டனில் கெல்கிரென் என்னும் மருத்துவர் 1938-இல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டிற்று. நூற்றுக்கு 6 பங்கு உப்புக் கரைசலை மிகச் சிறிய அளவில் தசைகளில் ஊசி வழியே செலுத்தி, வலி எங்கே உணரப்படுகிறது என்று அவர் குறித்துக்கொண்டார். உடல் நீர்மத்துக்கு ஒத்த உப்புக் கரைசல் நூற்றுக்கு 0.9 பங்கே ஆதலின், இது தசையை நன்கு உறுத்தும். ஊசி குத்திய இடத்தைவிட்டுத் தள்ளியே வலி பெரும்பாலும் உணரப்பட்டது. வெவ்வேறு இடங்களிலிருந்து வரும் நரம்புகள் தண்டுவடத்தின் ஒரே பகுதியில் வந்து சேர்வதால், செய்தி எங்கிருந்து புறப்பட்டது என்பதில் மூளை ஏமாந்துபோகிறது என்பர். மாரடைப்பின்போது இடக்கை வலிப்பதற்கும் இதுவே விளக்கம்.

இத்துறையை விரிவாக வளர்த்தவர் அமெரிக்கப் பெண் மருத்துவர் ஜேனட் டிராவெல். 1961-இல் ஜனாதிபதி கென்னடியின் சொந்த மருத்துவராக அமர்ந்தவர் இவரே. டேவிட் சைமன்ஸ் என்பவருடன் சேர்ந்து, எத்தசையின் முடிச்சு எங்கே வலிக்கும் என்பதைப் படங்களுடன் விளக்கும் பெருநூலின் முதற் பகுதியை 1983-இல் வெளியிட்டார்.

முடிச்சு எவ்வாறு உண்டாகிறது? தசையினுள் ஆக்டின், மயோசின் என்னும் இருவகைப் புரத இழைகள் ஒன்றையொன்று பற்றி வழுக்கிச் செல்வதால் சுருக்கம் நிகழ்கிறது. பற்றிய பிடியை விடுவதற்கும் சக்தி வேண்டும் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். உயிர் நீங்கிய உடல் விறைத்துப்போவது அச்சக்தி அற்றுப்போனதாலேயே. நெடுநேரம் தளர்வின்றி வேலை செய்யும் தசையில், நரம்பு முனையிலிருந்து வரும் தூண்டுதல் அளவு கடந்து, ஒரு சிறு பகுதி சுருங்கியபடியே நின்றுவிடுகிறது, சுருக்கம் அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களை நெரிக்கிறது, பிராணவாயு குறைகிறது, பிடியை விடுவதற்கான சக்தி மேலும் குன்றுகிறது. சைமன்ஸ் முதலியோர் கூறிய கருத்து இது. 2005-இல் அமெரிக்காவில் ஷா என்பவரும் அவருடைய குழுவினரும் நுண்ணிய ஊசியால் முடிச்சினுள்ளிருந்து நீர்மத்தை எடுத்துச் சோதித்தபோது, அமிலத்தன்மையும் வலியைத் தூண்டும் பொருள்களும் மிகுந்திருக்கக் கண்டனர். ஆயினும் அது மிகச் சிலரிடம் மட்டுமே நடத்திய சோதனை.

இவ்விளக்கத்தை எல்லோரும் ஏற்கவில்லை. ஒரே நோயாளியைத் தேர்ந்த இருவர் தனித்தனியே தடவிப் பார்த்தால் முடிச்சு இருக்கும் இடத்தைப் பற்றி அவர்கள் ஒத்துப்போவதில்லை என்பதைச் சுட்டிய குவின்ட்னர், போவ், கோஹன் ஆகிய மூவர், 2015-இல் இக்கொள்கையையே மறுத்து எழுதினர். கோளாறு தசையில் அன்றி நரம்பு மண்டலத்தின் உணர்ச்சி மிகுதியில் இருக்கலாம் என்பது அத்தகையோர் வாதம். வலி மெய்யே என்பதில் கருத்து வேற்றுமை இல்லை.

சிகிச்சையிலும் இதே நிலைதான். 1980-இல் வெளியான ஓர் ஒப்பாய்வில், மரப்பு மருந்தைவிட வெறும் உப்பு நீரை ஊசியால் செலுத்தியது குறைவான பலன் தரவில்லை. ஊசி குத்துவதே குணம் தருகிறது என்று செக் நாட்டு மருத்துவர் லெவிட் 1979-இலேயே எழுதியிருந்தார். மார்புக்கூட்டின் அருகில் தவறாகக் குத்தினால் நுரையீரல் துளைபடக்கூடும். ஆதலின் இது பயிற்சி பெற்ற மருத்துவருக்கே உரியது.

வீட்டிலேயே செய்யக்கூடியவை எளியவை. பொறுக்கத்தக்க சூட்டில் துணியால் ஒத்தடமிட்டு, முடிச்சின்மேல் கட்டைவிரலை வைத்துத் தாங்கக்கூடிய அளவு அழுத்தி, அரை நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் வரை அசையாமல் வைத்திருக்க வேண்டும். முதுகில் கை எட்டாத இடத்துக்குச் சுவருக்கும் முதுகுக்கும் இடையே டென்னிஸ் பந்தை வைத்துச் சாய்ந்துகொள்ளலாம். பின்னர் அத்தசையை மெல்ல நீட்டி, மூச்சை விட்டபடி சிறிது நேரம் நிறுத்த வேண்டும். கதறக் கதறப் பிசைவதால் சதை கன்றிப்போவதன்றி வேறு நன்மை இல்லை. நீரிழிவால் கால் மரத்தவருக்கு ஒத்தடத்தின் சூட்டைப் பிறர் தொட்டுப் பார்த்தே இட வேண்டும்.

வேலை முறை மாறாவிடில் முடிச்சு திரும்பவும் வரும். 16 லிட்டர் தெளிப்பானில் தண்ணீரின் எடை மட்டுமே 16 கிலோ; அதைப் பாதியளவே நிரப்பி, இரு வார்களையும் சமமாக இறுக்கிக்கொள்வது நல்லது. பையை ஒரே தோளில் மாட்டும் களப் பணியாளர் தோளை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆசிரியர் பலகையின் மேல் விளிம்பை விடுத்து, கண் மட்டத்தில் எழுதலாம்.

எல்லா வலியும் முடிச்சன்று. வியர்வையுடனோ மூச்சுத்திணறலுடனோ வரும் நெஞ்சு வலி, கைகால் பலவீனம், மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்படாமை, காய்ச்சல், நாளுக்கு நாள் வளரும் கட்டி ஆகியவை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால், உள்ளே இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அத்தகைய காலை ஒருபோதும் பிடித்துவிடலாகாது. அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.