நர்ஸ் வேலையும் வழக்கு ஆலோசனையும்

அய்யம்பேட்டை, ராஜகிரி, அதிராம்பட்டினம் என நம் சுற்றுவட்டாரத்தில் நர்ஸிங் படித்து வேலைக்குப் போகும் பெண்பிள்ளைகள் இப்போது நிறைய இருக்கிறார்கள். யாருக்காவது சிகிச்சையில் தவறு நடந்ததாகச் சந்தேகம் வந்தால், வக்கீலிடம் போகும் முன்பே டிஸ்சார்ஜ் சம்மரி இவர்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறது. "கேஸ் போடலாமா, பார்த்துச் சொல்லும்மா" என்கிறார்கள். ஃபைலைப் படித்துக் குறிப்பு எழுதித் தந்தால் பணம் தருவதாகச் சொல்லும் வக்கீல்களும் உண்டு. அமெரிக்காவில் இது தனித்தொழில். 1989லேயே இதற்குச் சங்கம் அமைத்துவிட்டார்கள். இங்கே அப்படி எதுவும் இல்லாததால், நம் பிள்ளைகள் தங்களைத் தாங்களேதான் காத்துக்கொள்ள வேண்டும்.

இந்த அறிவு தேவையில்லை என்று நாம் சொல்லவில்லை. 1998ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்த ஸ்பிரிங் மெடோஸ் வழக்கில், டாக்டர் எழுதியது குளோராம்பெனிகால். குழந்தைக்கு நர்ஸ் ஏற்றியது குளோரோகுயின். குழந்தையின் மூளை பாதிக்கப்பட்டது. இம்மாதிரிப் பிழை வார்டில் நின்று பழகியவர் கண்ணுக்குத்தான் சீக்கிரம் படும்.

ஆனால் தான் சம்பளம் வாங்கும் ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்ட வழக்கில் ஆலோசனை சொல்லவே கூடாது. எதிராகச் சொன்னால் வேலைக்கு ஆபத்து. ஆதரவாகச் சொன்னால், "உங்களுக்குச் சம்பளம் தருவது யார்?" என்ற ஒரே கேள்வியில் அந்தக் கருத்து மதிப்பிழந்துவிடும். கண்ணால் கண்டதைச் சொல்லும்படி கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால் அது வேறு. போய் உள்ளதை உள்ளபடி சொல்லியே ஆக வேண்டும். வேறு ஆஸ்பத்திரி வழக்கு என்றாலும் யோசிக்க வேண்டும். தஞ்சாவூரில் ஒரே டாக்டர் இரண்டு மூன்று ஆஸ்பத்திரிகளுக்குப் போய்வருகிறார்; அடுத்த வருடம் நம் பிள்ளை வேலை கேட்டு நிற்கப்போவதும் அங்கேயாக இருக்கலாம்.

அரசு நர்ஸ் என்றால், 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி அனுமதியின்றி வெளிவேலை பார்க்க முடியாது. தனியாரில் இருப்பவர்கள் நியமனக் கடிதத்தை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். அனுமதி வாங்கினால் எழுத்தில் வாங்குங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, கேஸ் ஷீட்டை செல்போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது. நோயாளியின் ரகசியம் அமானிதம். மாமி கேட்டார், மச்சான் கேட்டார் என்று செய்தாலும் போவது அந்தப் பெண்ணின் வேலைதான். வீட்டார் அவளை இதற்கு நெருக்கவே வேண்டாம். நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுங்கு விதிகள் சொல்கின்றன. எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். ஒரு நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்கி வையுங்கள்.

நோயாளிகளை வக்கீலிடம் அனுப்பிக் கமிஷன் வாங்குவது தரகு வேலை. வக்கீல்கள் சட்டத்தில் 2023ல் செய்த திருத்தப்படி, தரகர் பட்டியலில் பெயர் ஏறிய பிறகும் அதைச் செய்பவருக்கு மூன்று மாதம் வரை சிறை உண்டு.

"கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்" என்று சொல்வதிலும் கவனம் வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு வருடம்தான் கெடு. எல்லோருக்கும் முழு இலவசமாகச் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரி மீது அங்கே போகவும் முடியாது. எந்த வழி சரி என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும். வக்கீலுக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். ஆவணங்கள் கேட்டு எழுதும் மனுவுக்கு உதவி வேண்டுவோர் டிஸ்சார்ஜ் சம்மரியுடன் நம் அலுவலகத்துக்கு வரலாம்.